கால்மிதியும் பதினொரு மதிப்பெண்ணும்

(ஒன்றிய அளவில் நடைபெற்ற ஆசிரியர் பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பழைய பொருள்களைக் கொண்டு வீட்டிலேயே செய்யக்கூடிய சிக்கனமான செயல்திட்டங்கள் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், தூக்கம் வரும் நேரம். அதனால் பொதுவான கருத்துகளை விட்டுவிட்டு, நான் செய்த ஒரு தவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் திருப்பூர்ப் பகுதியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோரின் பெற்றோர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். சில ஆண்டுகளுக்கு முன், ஏழாம் வகுப்பில் வளரறி மதிப்பீடு (அ)-வுக்காக ஒரு செயல்திட்டம் கொடுத்தேன். தலைப்பு உங்களுக்கும் பழக்கமானதுதான்: "பயனற்ற பொருளிலிருந்து பயனுள்ள பொருள்." ஒரு வாரம் அவகாசம் கொடுத்தேன்.

குறித்த நாளில் மேசை நிறைந்துவிட்டது. ஐஸ் குச்சியில் வீடு, தெர்மாக்கோலில் காற்றாலை, வண்ணத்தாள் சுற்றிய பேனாத் தாங்கி, ஜிகினாத் தூள் தூவிய பூச்சாடி. பார்க்க அழகாகத்தான் இருந்தன. பதினேழு, பதினெட்டு என்று மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் பிள்ளை ஒரு கால்மிதியைக் கொண்டுவந்து வைத்தாள். பனியன் வேஸ்ட்டில் பின்னியது. ஓரம் கொஞ்சம் கோணலாக இருந்தது. நடுவில் லேசாக அழுக்கும் இருந்தது.

"என்னம்மா, வீட்டுல போட்டிருந்ததை எடுத்துட்டு வந்துட்டியா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க டீச்சர். போன வாரம் செஞ்சதுங்க. அம்மாயி சொல்லிக் குடுத்தாங்க" என்றாள்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, ஆனால் சிரித்தவர்களைத் தடுக்கவும் இல்லை. "நேர்த்தி இல்லை, புதிதாகச் செய்யவில்லை" என்று மனத்துக்குள் காரணம் சொல்லிக்கொண்டு 20-க்கு 11 போட்டேன். அவள் கால்மிதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மற்ற பொருள்கள் ஒரு வாரம் மேசையில் இருந்தன. சனிக்கிழமை வகுப்பறையைச் சுத்தம் செய்ய வந்த தூய்மைப் பணியாளர் அக்கா அவற்றைக் காட்டிக் கேட்டார்: "டீச்சர், இதையெல்லாம் எதுலங்க போடுறது? மக்குற குப்பையா, மக்காத குப்பையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. காகிதம் மக்கும். ஆனால் அது தெர்மாக்கோலோடு ஒட்டியிருக்கிறது. குச்சி மக்கும். ஆனால் அதன்மேல் ஜிகினாவும் பெயின்ட்டும் இருக்கின்றன. பிரிக்கவே முடியாதபடி நாம்தான் பசை போட்டு ஒட்டியிருக்கிறோம். "பயனற்ற பொருளிலிருந்து பயனுள்ள பொருள்" என்று எழுதிய அட்டையும் அந்தக் குவியலோடு சேர்ந்து குப்பை வண்டியில் ஏறியது. அந்த வாரம் உண்மையிலேயே பயன்பாட்டில் இருந்த ஒரே பொருள், நான் 11 போட்ட கால்மிதி. அது ஒரு வீட்டு வாசலில் கிடந்தது.

கடைக்குப் போய் வாங்கிய "வீண் பொருள்"

அதற்கு அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் என்னிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை. கணக்குத்தான் சொன்னார். "புராஜெக்ட்டுனு சொல்லி விட்டீங்க. கடையில நூத்தி எண்பது ரூபா ஆச்சுங்க டீச்சர். நான் ஒன்றரை ஷிப்ட்டு முடிச்சு வந்து, ராத்திரி உக்காந்து ஒட்டிக் குடுத்தேனுங்க. பையன் தூங்கிட்டான்."

ஒன்றரை ஷிப்ட் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். காலையில் போனவர் வீடு திரும்ப இரவு எட்டு, ஒன்பது ஆகிவிடும். அதற்குப் பிறகு சமையல். அதற்கும் பிறகு என் செயல்திட்டம்.

ஐஸ் குச்சி யாரோ தின்றுவிட்டுப் போட்ட குச்சி இல்லை. பாக்கெட்டில் ஐம்பது, நூறு என்று புதிதாகக் கடையில் விற்கிறார்கள். தெர்மாக்கோலும் புதிது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்கை நம் மாநிலம் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. தெர்மாக்கோல் தட்டும் கோப்பையும் அந்தப் பட்டியலில் உண்டு. அந்தத் தடையைப் பற்றிப் பிள்ளைகளை உறுதிமொழி எடுக்க வைத்தவர்களும் நாம்தான். அதே வாரம் தெர்மாக்கோல் வாங்கிவரச் சொன்னவர்களும் நாம்தான்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது ஒன்றுதான். அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். சிக்கனத்தை நம் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. பழைய சேலை தொட்டிலாகிறது, பிறகு திரைச்சீலையாகிறது, பிறகு கரித்துணியாகிறது. சிமென்ட் சாக்கு அரிசி காயவைக்கும் விரிப்பாகிறது. பெயின்ட் வாளி துணி ஊறவைக்கும் வாளியாகிறது. இது வறுமையின் அடையாளம் என்று நினைத்துப் பிள்ளை மறைக்கிறது. நாமும் அதற்குக் குறைந்த மதிப்பெண் போட்டு, மறைப்பதுதான் சரி என்று உறுதிப்படுத்துகிறோம். அந்த அறிவைப் பள்ளிக்குள் மரியாதையோடு அழைத்துவருவதே நம் வேலை.

மூன்று கேள்விகள்

இப்போது எந்தச் செயல்திட்டம் கொடுத்தாலும் மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன்.

ஒன்று, இது எங்கிருந்து வந்தது? கடையில் புதிதாக வாங்கியதாக இருக்கக் கூடாது. நூல், ஆணி போன்ற சிறு பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவற்றையும் பள்ளியே தரும்.

இரண்டு, இதை யார் பயன்படுத்தப்போகிறார்கள்? "அழகுக்காக" என்ற பதிலை ஏற்பதில்லை. தம்பி உட்காருவான், அம்மா காய்கறி வாங்கப் போவார் என்று ஆளையும் வேலையையும் சொல்ல வேண்டும்.

மூன்று, பயன் முடிந்த பிறகு இது எங்கே போகும்? துணி துணியாகவும் மரம் மரமாகவும் திரும்பப் பிரிய வேண்டும். இந்தக் கேள்வி வந்த பிறகு எங்கள் வகுப்பில் பசையின் தேவை பாதியாகக் குறைந்துவிட்டது. முடிச்சு, பின்னல், திருகாணி ஆகியவை வந்துவிட்டன.

இவற்றோடு நான்காவதாக ஒரு விதி உண்டு. அது பிள்ளைகளுக்கு அல்ல, எனக்கு. வேலையை வகுப்பு நேரத்தில்தான் செய்ய வேண்டும். வீட்டிலிருந்து பொருள் வரலாம், யோசனை வரலாம், அம்மாவின் இரவு வரக் கூடாது.

இனி, எங்கள் பள்ளியில் செய்து பார்த்த மூன்று வேலைகளை விவரமாகச் சொல்கிறேன்.

கால்மிதி: ஆணிக்கு ஒன்று கூட

தவற்றைத் திருத்த வேண்டும் அல்லவா? அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "நான் அன்னைக்குச் சரியாப் பாக்கலைம்மா. எப்படிச் செஞ்சேன்னு எங்க எல்லாருக்கும் சொல்லித் தர்றியா?" என்று கேட்டேன். முதல் நாள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்து ஒரு பை நிறையப் பனியன் வேஸ்ட்டோடு வந்தாள்.

பனியன் துணியில் வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளை எங்கள் ஊரில் எடைக்கு விற்பார்கள். பட்டறைகளில் எண்ணெய் துடைக்க வாங்கிப் போவார்கள். அதில் பருத்தியும் இருக்கும், பாலியெஸ்டரும் இருக்கும். கால்மிதிக்குப் பருத்திதான் வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது? துண்டின்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். பருத்தி பெரும்பாலும் உடனே உறிஞ்சிக்கொள்ளும், பாலியெஸ்டரில் சொட்டு சற்று நேரம் முத்துப்போல் நிற்கும். இழைகள் பற்றிய அறிவியல் பாடம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. நான்கைந்து துண்டுகளைச் சோதித்து அட்டவணை போடச் சொல்லலாம். சாயத் துண்டுகளைத் தனித்தனியே ஊறவைத்து, சாயம் விடுவது நிற்கும்வரை அலசிக் காயவைத்துவிட வேண்டும்.

பிறகு துணியை ஓர் அங்குல அகலக் கீற்றுகளாக வெட்ட வேண்டும். குறுக்குவாட்டில் வெட்டி இரண்டு முனையையும் பிடித்து இழுத்தால், கீற்றின் ஓரங்கள் தாமாகவே உள்ளே சுருண்டு கயிறுபோல் ஆகிவிடும். பனியன் துணி நெசவுத் துணி அல்ல, கண்ணி கண்ணியாகப் பின்னிய துணி. அதனால்தான் இப்படிச் சுருள்கிறது. வேட்டித் துணியை வெட்டி இழுத்தால் சுருளாது, ஓரத்தில் நூல் பிரியும். இரண்டையும் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள். "ஏன் டீச்சர்?" என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

அடுத்தது சட்டம். பள்ளியில் உடைந்து கிடந்த ஜன்னல் சட்டம் ஒன்றைப் பயன்படுத்தினோம். 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளம். அகலப் பக்கங்கள் இரண்டிலும் 2.5 செ.மீ. இடைவெளியில் ஆணி அடிக்க வேண்டும். "ஒரு பக்கத்துக்கு எத்தனை ஆணி?" என்று கேட்டேன். வகுப்பில் நன்றாகக் கணக்குப் போடும் மாணவன் உடனே எழுந்து, "45-ஐ 2.5-ஆல் வகுத்தால் 18. பதினெட்டு ஆணி டீச்சர்" என்றான்.

"பத்தாதுங்க டீச்சர், ஒண்ணு குறையுது" என்றாள் இவள். "பத்தொம்போது வேணும். எடத்தை எண்ணிட்டு ஆணிக்கு ஒண்ணு கூடப் போடணும்னு அம்மாயி சொல்லுவாங்க."

பதினெட்டு என்பது இடைவெளிகளின் எண்ணிக்கை. தொடக்கத்தில் ஓர் ஆணி கூடுதலாக வேண்டும். சாலை ஓரம் மரம் நடும் கணக்கு என்று பாடப்புத்தகங்களில் வரும், பிள்ளைகள் அதிகம் தவறு செய்யும் கணக்கும் இதுதான். அந்தப் பாட்டி பள்ளிக்குப் போனவர் அல்லர். விடையை ஒரு வாக்கியத்தில் பேத்தியிடம் கொடுத்திருக்கிறார். நான் அதற்கு 11 போட்டிருக்கிறேன்.

எதிரெதிர் ஆணிகளுக்கு நடுவே நேராகக் கட்டும் கீற்றுகள் பாவு. குறுக்கே மேல், கீழ், மேல், கீழ் என்று நுழைக்கும் கீற்று ஊடை. ஊடை தீர்ந்துபோனால் தைக்க வேண்டாம். இரண்டு முனைகளிலும் சிறு துளை போட்டு, ஒன்றை மற்றொன்றுக்குள் நுழைத்து இழுத்தால் முடிச்சு விழும். முடிந்ததும் ஆணியிலிருந்து பாவைக் கழற்றி, பக்கத்துப் பக்கத்து முனைகளைச் சேர்த்து முடிந்துவிட வேண்டும். ஒவ்வொரு வரிசையையும் கையால் நெருக்கித் தள்ளினால்தான் கால்மிதி உறுதியாக இருக்கும். எங்களுடையது முடிந்தபோது எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

தொடக்க நிலை ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதில் உங்களுக்குத்தான் அதிகம் கிடைக்கும். பழைய அட்டையில் பத்துப் பிளவுகள் வெட்டிக் கொடுத்தால் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் பின்னுவார்கள். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்றால் அது அமைப்பு முறை. பாவின் எண்ணிக்கை ஒற்றைப்படையானால், மேலே தொடங்கிய வரிசை மேலேயே முடியும். இரட்டைப்படையானால் மேலே தொடங்கிக் கீழே முடியும். ஒற்றை, இரட்டை எண்களை இப்படி விரலால் தொட்டுக் கற்ற பிள்ளைக்கு அது மறக்காது.

நூல் கோன்: கையில் கிடைத்த இடைக்கண்டம்

உயர்நிலை வகுப்பு ஆசிரியர்கள் கேட்பீர்கள், "எங்களுக்கு என்ன இருக்கிறது?" என்று. பனியன் கம்பெனி வாசலில் பாருங்கள். நூல் தீர்ந்த அட்டைக் கோன்கள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதன் நுனி கூர்மையாக இல்லை, வெட்டுப்பட்டிருக்கிறது. ஆக அது கூம்பு அல்ல, பத்தாம் வகுப்பில் நாம் நடத்தும் கூம்பின் இடைக்கண்டம்.

பக்கத்து உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியரோடு சேர்ந்து ஒரு மதியம் இதைச் செய்தோம். அளந்தபோது அடி ஆரம் 3 செ.மீ., மேல் ஆரம் 1.2 செ.மீ., சாயுயரம் 17 செ.மீ. வளைபரப்பு என்பது பையை இரண்டு ஆரங்களின் கூடுதலாலும் சாயுயரத்தாலும் பெருக்குவது. 3.14 × 4.2 × 17, சுமார் 224 சதுர செ.மீ. சூத்திரத்தை இதோடு நிறுத்தினால் அது வெறும் கணக்கு. கோனைச் சுற்றிச் செய்தித்தாளை இறுக்கமாக ஒட்டவைத்து, ஓரங்களை வெட்டி, பிரித்து, வரைபடத்தாளில் வைத்துக் கட்டங்களை எண்ணினார்கள். விரித்த தாள் செவ்வகமாக இல்லை, விசிறியின் ஒரு துண்டுபோல் வளைந்திருந்தது. "இதனால்தான் டீச்சர் நீளத்தை அகலத்தால் பெருக்க முடியலை" என்று ஒரு மாணவி சொன்னாள். சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

கன அளவும் பார்த்தோம். சூத்திரப்படி கிட்டத்தட்ட 250 கன செ.மீ., அதாவது கால் லிட்டர். அடியை அட்டையால் மூடி மணலை நிரப்பி, அளவுக் குவளையில் கொட்டிப் பார்த்தார்கள். விடை கொஞ்சம் குறைந்தது. ஏன் குறைந்தது என்று யோசித்து, அட்டையின் தடிமனைக் கழிக்க மறந்ததைக் கண்டுபிடித்தார்கள். கணக்கில் தவறு வராதிருந்தால் இந்த விவாதமே வந்திருக்காது.

அதன் பிறகு அந்தக் கோன்கள் வீட்டுக்குப் போயின. எண்ணெய் ஊற்றும் புனலாகச் சிலர் எடுத்துப் போனார்கள். மண் நிரப்பித் தக்காளி நாற்று வளர்த்தார்கள் சிலர். அட்டை நனைந்து இளகிவிடுவதால் நாற்றைக் கோனோடு நட்டுவிடலாம், வேர் அறுபடாது. இப்போது பிளாஸ்டிக் கோன்களும் வருகின்றன. அவற்றை நாற்றுக்கு எடுக்க வேண்டாம்.

உங்கள் ஊரில் கோன் கிடைக்காது. ஆனால் சிவகாசியில் அச்சகத் தாள் ஓரங்கள் கிடைக்கும். கடற்கரை ஊர்களில் பழைய வலை கிடைக்கும். காரைக்குடியில் பழைய வீட்டுக் கதவும் தூணும் விற்கும் கடைகள் ஒரு தெருவுக்கே இருக்கின்றன. சென்னையில் புதுப்பேட்டை இருக்கிறது, பழைய வண்டிகளின் உதிரிப் பாகங்களுக்குப் பேர் போனது. ஒவ்வோர் ஊருக்கும் அதன் தொழில் விட்டுச்செல்லும் மிச்சம் ஒன்று உண்டு. அது எது என்று பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

ஆடும் முக்காலியும் ஒரு முக்கோணமும்

மூன்றாவது வேலை பழைய மரச் சாமான். பழையது வாங்குவதும் ஒரு கல்விதான். பழைய முக்காலி, ஸ்டூல் வாங்கும்போது சமதரையில் வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். காலைத் தட்டிப் பார்க்க வேண்டும். உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். அடியில் மாவுபோல் தூள் கொட்டியிருந்தால் வாங்கக் கூடாது. வண்டு வீட்டிலுள்ள நல்ல மரத்துக்கும் பரவும்.

எங்களிடம் வந்த ஸ்டூல் உளுக்கவில்லை, ஆடியது. பிள்ளைகள் ஆணியை இன்னும் அடித்தார்கள். மறுநாளும் ஆடியது. அப்போது நான்கு குச்சிகளைச் சைக்கிள் வால்வு ட்யூப் துண்டுகளால் இணைத்துச் சதுரம் செய்யச் சொன்னேன். லேசாகத் தள்ளினால் சதுரம் சாய்சதுரம் ஆகிவிடும். மூன்று குச்சிகளில் முக்கோணம் செய்யுங்கள், எவ்வளவு தள்ளினாலும் உருவம் மாறாது. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி வைத்தால் அது இரண்டு முக்கோணங்களாகி உறுதியாகிவிடும். பிள்ளைகள் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு கால்களுக்கு இடையே சாய்வாக ஒரு ரீப்பர் அடித்தார்கள், ஆட்டம் நின்றது. ஓட்டு வீட்டுக் கூரைச் சட்டத்திலும் மின்கோபுரத்திலும் முக்கோணங்கள் எதற்காக இருக்கின்றன என்று அதன் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்தத் தீக்குச்சி, வால்வு ட்யூப் முறை என் கண்டுபிடிப்பு அல்ல. அதைப் பரவலாக்கியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தோடு இணைந்து பணியாற்றியபோது, கிராமச் சந்தையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அறிவியல் கருவிகள் செய்யத் தொடங்கினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கைவேலையின் வழியாகப் பாடம் என்பதைக் காந்தியடிகள் 1937-இல் வார்தா மாநாட்டில் ஆதாரக் கல்வியாக முன்வைத்தார். நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வாழ்க்கை முறையைத்தான் நிலைத்த பொருளாதாரம் என்றார். நாம் புதிதாக எதையும் செய்யவில்லை. நம் முன்னோர் போட்ட பாதையை மறந்துவிட்டுத் தெர்மாக்கோல் வாங்கப் போயிருக்கிறோம், அவ்வளவுதான்.

எதைத் தொடக் கூடாது

பழையது எல்லாம் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனால் நான் பொறுப்பற்றவளாவேன். இந்தப் பட்டியலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பூச்சிமருந்து, தின்னர், அமிலம் இருந்த டப்பாக்களை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீருக்கோ உணவுக்கோ பயன்படுத்தக் கூடாது. பள்ளிக்கே கொண்டுவர வேண்டாம். உடைந்த ட்யூப்லைட்டில் பாதரசம் உண்டு. பழைய பேட்டரிகளைப் பிரிக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டை வெட்டவோ தேய்க்கவோ கூடாது. பழைய கதவு, ஜன்னலின் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதை உப்புத்தாள் கொண்டு தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. நாங்கள் பயன்படுத்திய ஜன்னல் சட்டம் பெயின்ட் அடிக்காதது.

இறக்குமதி இயந்திரங்கள் வரும் மரப்பெட்டிகளில் முத்திரை இருக்கும். அதில் "ஹெச்.டி." என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்திய மரம். "எம்.பி." என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் பதப்படுத்தியது. வீட்டு வேலைக்கு முதல் வகையை மட்டும் எடுங்கள்.

டயர், டப்பா, தேங்காய்த் தொட்டி எதைச் சேர்த்து வைத்தாலும் கவிழ்த்து வையுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய சிறிதளவு நல்ல தண்ணீரிலேயே முட்டையிடும். கட்டர், சுத்தியல், துளைப்பான் ஆகியவை ஆசிரியர் கண் முன்னால் மட்டும்.

கணக்குச் சீட்டும் மதிப்பெண்ணும்

ஒவ்வொரு குழுவும் ஒரு கணக்குச் சீட்டு எழுதுகிறது. பொருள் எங்கே கிடைத்தது, செலவு எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஆனது, இதையே கடையில் வாங்கினால் எவ்வளவு. சில சமயம் விடை நமக்கு எதிராகவும் வரும். ஒரு குழு பழைய மின்விசிறித் தாங்கியைத் துணி காயப்போடும் கம்பமாக மாற்றியது. ஆட்டோ வாடகை, வெல்டிங் கூலி எல்லாம் சேர்த்தால் புதிதாக வாங்குவதைவிட அதிகம் ஆகிவிட்டது. அதையும் மறைக்காமல் எழுதச் சொன்னேன். சிக்கனம் என்பது பழையதின்மேல் உள்ள பக்தி அல்ல. கணக்குப் பார்க்கும் பழக்கம்.

மதிப்பெண்ணையும் மாற்றினோம். மூன்று கேள்விகளுக்கும் ஐந்தைந்து, கணக்குச் சீட்டுக்கு ஐந்து. நேர்த்திக்குத் தனி மதிப்பெண் இல்லை. பொருள் ஒரு மாதம் பயன்பட்டதா என்று ஒரு மாதம் கழித்துத்தான் இரண்டாவது கேள்விக்கான மதிப்பெண்ணைப் போடுகிறேன். அழுக்காகி வந்தால் முழு மதிப்பெண். ஆம், அன்றைக்கு நான் எதற்காகக் குறைத்தேனோ, அதற்காகவே இன்றைக்குக் கொடுக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். "உங்க வீட்டில் பழையது என்ன இருக்கு?" என்று ஒரு பிள்ளையைத் தனியே நிறுத்திக் கேட்காதீர்கள். எல்லாரும் கொண்டுவருவார்கள், எல்லாரும் பொதுப் பெட்டியில் போடுவார்கள், எல்லாரும் அதிலிருந்து எடுப்பார்கள். ஆசிரியரும் கொண்டுவர வேண்டும். என் பழைய சேலை ஒன்று இப்போது எங்கள் வாசிப்பு மூலையில் மெத்தை உறையாக இருக்கிறது. பிள்ளைகள் அதை அடையாளம் கண்டு, "இது போன பொங்கலுக்கு டீச்சர் கட்டின சேலை" என்று ஒருவருக்கொருவர் காட்டினார்கள். கூச்சம் அங்கேதான் உடைந்தது.

நிறைவாக, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த செயல்திட்டம் கொடுப்பதற்கு முன், உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம், "உங்க வீட்டில் பழைய பொருளை வைத்து யார் என்ன செய்வாங்க?" என்று வகுப்புக்குப் பொதுவாகக் கேட்டு, வரும் பதில்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு பாடவேளை போதும். உங்களுக்கு வேண்டிய செயல்திட்டமும் அதைக் கற்பிக்கும் ஆளும் அந்தப் பட்டியலிலேயே இருப்பார்கள்.

அந்தக் கால்மிதிப் பிள்ளை இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். அவளுடைய வகுப்பு பின்னிய கால்மிதி இன்னும் எங்கள் தலைமையாசிரியர் அறை வாசலில் கிடக்கிறது. துவைத்துத் துவைத்து நிறம் போய்விட்டது. ஆனால் பதிவேட்டில் நான் எழுதிய அந்த 11 அப்படியே இருக்கிறது. முடித்து ஒப்படைத்த பதிவேட்டைத் திருத்த முடியாது. அடுத்து எழுதப்போகும் பதிவேடுதான் இப்போது என் கையில் இருக்கிறது, உங்கள் கையிலும்.